தோழருக்குப் பின்னால் ஒரு சுவர்

என் எழுத்து மேசையில் ஒரு பித்தளை வளையம் கிடக்கிறது. கட்டைவிரல் நுழையும் அளவு துளை. வெளிப்பக்கம் மங்கிப்போய், விரல் அடிக்கடி படும் இடங்களில் மட்டும் மினுங்கும். இதைப் புஷ் என்போம். இயந்திரத்தில் தண்டு சுழலும் இடத்தில் உள்ளே செருகிவிடுவது. தண்டு தேயாமல் தான் தேய்ந்து கொடுப்பதுதான் இதன் பிழைப்பு. ஆனால் இந்த வளையம் எந்தத் தண்டையும் தாங்கியதில்லை. துளை ஒரு மயிரிழை பெரிதாகிவிட்டது. வெளிவட்டமும் ஒரு பக்கம் சற்றுச் சப்பை. மேசையில் உருட்டிவிட்டால் நேரே போகாது. நொண்டிக்கொண்டு அரைவட்டம் போட்டு என்னிடமே திரும்பிவந்து விழும். மெரிலேண்ட்ஸ் வீட்டின் இந்த அறையில் எழுத்து வராத காலைகளில் நான் அதை உருட்டிக்கொண்டிருப்பேன். போகும், வரும். போகும், வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் பந்தொன்று மேசையில் தட்டும் சத்தம் அதற்குள்ளிருந்து கிளம்பும். பிறகு அந்த மனிதர் வருவார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், தகரக் கூரை போட்ட நீண்ட தொழிற்சாலை ஒன்றில் நான் கடைசல்காரனாக, அவர்கள் மொழியில் டேர்னராக, இருந்தேன். இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் பழகிய தொழில். அங்கே சிங்களப் பரீட்சையில் சித்தியெய்தாமல் அடுத்த படிக்கு ஏற முடியாது என்றார்கள். நின்ற படியிலேயே நின்று கால் மரத்துப்போய் ஒருநாள் விமானம் ஏறிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் என் மாமனார், "மருமகன் அவுஸ்திரேலியாவில எஞ்சினியர்" என்று சந்தி சந்தியாகச் சொல்லித் திரிந்தார். என் மனைவிக்கு உண்மை தெரியும். ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் இருந்த பிளாட்டின் கதவைப் பின்னேரங்களில் திறக்கும்போது, என் சட்டையில் ஒட்டியிருக்கும் பித்தளைச் சீவலைத் தட்டிவிட்டு, "எஞ்சினியர் ஐயா வந்திட்டார், வழி விடுங்கோ" என்று யாருமில்லாத அறையைப் பார்த்துச் சொல்வாள்.

எங்கள் ஃபோர்மன் வெயிலில் சிவந்த கழுத்தும் பெரிய வயிறும் கொண்ட அவுஸ்திரேலியர். எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். நான் அவருக்கு 'சிலோன்'. ஒரு திங்கட்கிழமை காலை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, ஒடுங்கிய தோள்களுள்ள நெடிய மனிதர் ஒருவரைக் கூட்டிவந்து எனக்கு அடுத்த இயந்திரத்தின் முன் நிறுத்தினார். "சிலோன், இது கொம்ரேட். ரஷ்யாவில் முதல்தர டேர்னராம். பார்த்துப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தச் சொல் உடனே தமிழில் கேட்டது. என் அண்ணன் இடதுசாரி. எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் தோழர்கள். சோவியத்திலிருந்து வரும் பளபளப்பான சஞ்சிகைகளைக் கிழித்துத்தான் நான் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போட்டேன். கடைசல் இயந்திரத்தின் முன் வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் தொழிலாளி ஒருவர் என் கணக்குக் கொப்பியின் அட்டையில் வருடம் முழுக்க நின்றார். அவரைப் பார்த்தே இந்தத் தொழிலுக்கு வந்தேனோ என்று சில வேளை நினைப்பதுண்டு. இப்போது அந்த அட்டையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

தோழர் இயந்திரத்தை ஒரு தடவை சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. எதிராளி எப்படி நிற்கிறான் என்று கவனிப்பவர்போல முழங்கால்களைத் தளர்த்தி, சற்றுக் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் பகுதியில் அதை முறுக்கும் திறப்புச் சாவியைச் செருகியபடியே விட்டுவிட்டு விசையை அழுத்தக் கையை நீட்டினார். அழுத்தியிருந்தால் அந்த இரும்புத் திறப்பு பறந்துபோய் யாருடைய நெற்றியையாவது பிளந்திருக்கும். நான் பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். மெல்லிய, சூடான மணிக்கட்டு. உள்ளே ஏதோ ஒன்று சுருள்வில்போல் துடித்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கொப்பி அட்டையில் இருந்த அதே சிரிப்பு. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கடைசல் இயந்திரத்தை ஓட்டியதில்லை. நான் அவருடைய பித்தளைக் கட்டையைப் பொருத்தி, உளியை வைத்து, அன்றைக்குரிய வேலையைத் தொடக்கிக் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கை செய்துவிட்டது.

சரக்கு ஏற்றும் மேடையின் ஓரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போது, கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில், இருவருக்கும் அரைகுறையான ஆங்கிலத்தில் அவர் சொன்ன கதை இது. அகலமான ஆறு ஓடும் ஒரு குளிர்ந்த நகரத்தில் பிறந்தவர். அங்கே உழவு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சொந்தமான விளையாட்டு மண்டபத்தில் சிறுவயதிலிருந்தே மேசைப்பந்து. வளர்ந்து தேசிய அணிக்குப் போய்விட்டார். காலையிலும் மாலையிலும் ஆட்டம். ஆட்டம் தவிர வேறொரு வேலையுமில்லை. ஆனால் சம்பளம் அந்தத் தொழிற்சாலையின் கடைசல் பகுதியிலிருந்து வந்தது. "எங்கள் நாட்டில் விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர் இல்லை. சட்டப்படி இல்லை. ஆகவே நான் இல்லை" என்றார், ஒரு சான்விச்சைப் பிரித்துக்கொண்டே. அணியின் சாம்பியன் மின்தொழிலாளி என்று பதிவாகியிருந்தாராம். இன்னொருவர் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் மாணவர். இவர் கடைசல்காரர். வருடத்தில் ஒருநாள் தொழிற்சாலைக்குப் போய் இயந்திரத்தின் முன் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வது மட்டும் அங்கே அவருக்கிருந்த கடமை. வெளிநாட்டுக்கு ஆடப் போகுமுன் ஒரு அதிகாரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒப்புவிக்கச் சொல்வார். பத்திரிகைக்காரன் கேட்டால், ஹோட்டல்காரன் கேட்டால், லிஃப்டில் கூட வரும் பெண் கேட்டால், என்ன தொழில்? டேர்னர். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் டேர்னர்.

"அப்ப என்ர கணக்குக் கொப்பியில இருந்தது நீங்கள்தான் போல" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கணக்கு சரியாக வந்ததா?" என்று கேட்டார்.

அணியிலும் அவருக்குக் கிடைத்தது விசித்திரமான இடம். பெரிய போட்டி வருமுன், சாம்பியன் சந்திக்கப்போகும் எதிராளி யாரென்று சொல்வார்கள். அந்த எதிராளியாக இவர் மாறவேண்டும். ஒரு மாதம் ஜப்பானியர், இன்னொரு மாதம் ஹங்கேரியர். அவன் மட்டை பிடிக்கும் விதம், அவன் அவசரப்படும் இடம், அவன் பயப்படும் பந்து எல்லாவற்றையும் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு சாம்பியனோடு ஆடவேண்டும். ஆடி, அவன் எப்படித் தோற்பானோ அப்படித் தோற்கவேண்டும். பதக்கங்கள் சாம்பியனின் கழுத்துக்குப் போயின. தோழருடைய சொந்த ஆட்டம் என்னவென்று எவரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அவர் மேடையை விட்டு இறங்கி, பின்பக்கமாக நடந்தார். பத்தடிக்கு மேல் போய் நின்று, கையைத் தாழ்த்தி, காற்றில் ஒரு பந்தின் அடிவயிற்றை அறுத்தார். "மேசையை விட்டு விலகி நிற்பேன். தூரத்தில். எது வந்தாலும் திருப்பிக் கொடுப்பேன். அடிப்பவன் களைக்கும்வரை." அவ்வளவுதான் அவருடைய ஆட்டம். இடம் வேண்டும். பின்னால் நிறைய இடம்.

அணி ஒருமுறை சிட்னிக்கு வந்தபோது மொழிபெயர்க்க வந்த பெண்ணைத்தான் அவர் கட்டினார். அவள் சீனத்தின் வடக்கே ரஷ்யர்கள் குடியிருந்த நகரில் பிறந்து, பெற்றோருடன் இங்கே வந்தவள். கடிதங்கள், மனுக்கள், காத்திருப்பு எல்லாம் முடிந்து, இனி அணிக்கு இவர் தேவையில்லை என்ற வயது வந்த பிறகு, போகவிட்டார்கள். இங்கே வந்திறங்கியபோது குடிவரவு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நிமிர்ந்து பார்த்து, என்ன தொழில் என்று கேட்டார். தோழரின் வாய் சொல்லிவிட்டது. டேர்னர். அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது. அதிகாரிக்குப் பெரிய சந்தோஷம். நாட்டில் கடைசல்காரருக்குத் தட்டுப்பாடு. எழுந்து கைகுலுக்கினாராம். மருமகனைப் பற்றி ஏற்கெனவே சந்தேகத்தோடிருந்த மாமனாரும் அதைக் கேட்டு முதல்தடவையாக அவருடைய முதுகில் தட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த எங்கள் ஃபோர்மனிடம் போய், முதல்தரமான ஆள் என்று தன் வாயால் உத்தரவாதம் கொடுத்தார்.

"போய் உண்மையைச் சொல்லுங்கள், இங்கே ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்றேன் நான். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எல்லா அரசாங்கத்திலும் ஒரு மேசை இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒருமுறைதான் பதில் சொல்லலாம்." அவருடைய மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். திருப்பி அனுப்பினால் தன்னை மட்டும்தான் அனுப்புவார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கை என்னால் அழிக்க முடியவில்லை.

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் ஒரு மேசைப்பந்து மேசை கிடந்தது. ஃபோர்மனுக்கு அதன்மேல் பைத்தியம். மத்தியானத்தில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை நாலு கடியில் முடித்துவிட்டு, மட்டையால் தொடையில் தட்டிக்கொண்டு ஆள் தேடுவார். தோழர் அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தார். அதனால்தான் எங்களுக்குச் சரக்கு மேடை. அந்த மட்டையைக் கையிலெடுத்தால், ஒரே ஒரு பந்தைத் தொட்டால், கை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்; இந்தக் கை என்ன வேலை செய்த கை என்று அறையிலிருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தன்னுடைய ஒரே தொழிலை யாரும் பார்க்காமல் ஒளித்து வைத்துக்கொண்டு, தெரியாத தொழிலைத் தெரிந்ததுபோல் காட்டி நாள் முழுக்க நிற்பது எப்படியிருக்கும் என்று நான் அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன். மத்தியானத்தில் சாப்பாட்டறையிலிருந்து பந்தின் சத்தம் வரும். அவர் பேச்சை நிறுத்திவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, "இப்போது வலையில் விழும்" என்பார். விழும்.

மழை பெய்த ஒருநாள் எங்கள் மேடை நனைந்துவிட்டது. உள்ளே போக வேண்டியதாயிற்று. ஃபோர்மன் பிடித்துக்கொண்டார். "வா கொம்ரேட். பனிப்போரை இங்கேயே முடித்துவிடுவோம்." எல்லோரும் சிரித்தார்கள். தோழர் மட்டையைச் சமையல் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். அவருக்குப் பின்னால், நாற்காலி ஒன்றுகூட வைக்க முடியாத நெருக்கத்தில், பச்சைப் பூச்சுப் பூசிய சுவர். அந்த மேசையின் அந்தப் பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி பின்னால் வைத்தால் முதுகு இடிக்கும். அவர் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியது. நான் பள்ளிக்கூட விடுதியில் ஆடியவன். பெரிய ஆட்டக்காரனல்ல, ஆனால் பார்க்கத் தெரியும். அன்று பார்த்ததுபோல் ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் தோற்றார். எவ்வளவு துல்லியமாகத் தோற்றார். மேசை விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை. வலையின் நாடாவுக்கு ஒரு விரற்கடை கீழே. ஃபோர்மன் எந்தப் பந்தை அடித்தால் தன்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைப்பாரோ அந்தப் பந்தைத் தேடிக் கொண்டுபோய் அவருடைய மட்டைக்கு முன்னால் வைத்தார். இறுதியில் இரண்டே புள்ளியில் தோல்வி. ஃபோர்மன் வியர்த்து, சிவந்து, குழந்தைபோல் சிரித்தார். "மோசமில்லை மேட். நாளைக்கும் வா."

நாளைக்கும் போனார். அதற்கடுத்த நாளும். ஜப்பானியராகவும் ஹங்கேரியராகவும் தோற்ற மனிதர், சிட்னியில் ஒரு கடைசல்காரராகத் தோற்றுக்கொண்டிருந்தார். ரஷ்யாவிலிருந்து வந்தவனைத் தினமும் வெல்கிறேன் என்ற பெருமையில் ஃபோர்மன் அவருடைய இயந்திரத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. புஷ்களை எல்லாம் நான் செய்தேன். என் இயந்திரத்தில் ஆறுதலாக நீண்டு வெட்டும் வேலையைப் பூட்டி ஓடவிட்டு, அவருடையதற்குத் தாவுவேன். திரும்பி என்னுடையதற்கு. இரண்டு அடுப்பில் சமைக்கிறவன்போல். அந்த நாட்களில் ஹோம்புஷ்ஷில் எனக்கு நல்ல வேலையொன்று வந்தது. மனைவி எனக்கு வரைபட அறையில் நாற்காலி, மின்விசிறி என்று கனவு காணத் தொடங்கிவிட்டாள். நான் போகவில்லை. நான் போனால் மறுநாளே அவர் கதை முடியும். ஒருவரைப் பூட்டிவைத்த கதவு இன்னொருவரையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மனைவியிடம் நான் காரணம் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழரையும் அவருடைய மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். கத்தரிக்காய்க் குழம்பு அவருடைய நெற்றியெல்லாம் வியர்வையாய் இறங்கியது. ஆனாலும் விடாமல் சாப்பிட்டார். குசினியிலிருந்து என் மனைவி தேசிக்காய்த் தட்டோடு வந்தபோது தட்டுச் சரிந்து ஒரு காய் உருண்டு விழுந்தது. தோழர் தலையைத் திருப்பவுமில்லை. கையிலிருந்த கரண்டியின் பின்பக்கத்தால் அதை ஏந்தி, ஒரு தட்டுத் தட்டி, திரும்பவும் தட்டிலேயே போட்டுவிட்டார். அவர் கரண்டியை மெல்ல மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு என் மனைவி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "உங்கட கையை ஒருக்கால் காட்டுங்கோ" என்றாள். காட்டினேன். தடித்த தோல், கறுத்த கோடுகள், சூடான சீவல் பட்ட தழும்புகள். "இது லேத்தடியில நிக்கிற கை. அந்தாளின்ர கை அப்பிடியில்லை. சங்கீதக்காரன்ர கை மாதிரியெல்லே கிடக்கு. ஆர் அப்பா அது?" நான் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப ஹோம்புஷ் வேலையை விட்டது இதுக்குத்தானோ" என்றாள். "ஓம்" என்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு ஒரு கோப்பையைக் கழுவினாள். பிறகு, "வடிவாய்த்தான் இருக்கு. எஞ்சினியர் இல்லாத எஞ்சினியரும் டேர்னர் இல்லாத டேர்னரும்" என்றாள். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் என் சாப்பாட்டுப் பெட்டியில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது, உறைப்புக் குறைத்து.

அந்த வருட நடுப்பகுதியில் ரஷ்ய அணி சிட்னிக்கு மீண்டும் வந்தது. போட்டியல்ல, காட்சி ஆட்டம். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நகரத்தில் ஒரு மண்டபம். ஃபோர்மன் எங்கள் பகுதியில் சில பேருக்குத் தன் கையிலிருந்தே டிக்கட் வாங்கி, வேனும் கொண்டுவந்தார். "நீ இல்லாமல் எப்படி கொம்ரேட்? அவங்கள் என்னைப் பற்றி என்ன பேசுறாங்கள் என்று எனக்கு ஆர் சொல்றது?" வரமாட்டேன் என்று சொல்லத் தோழருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மேல்வரிசையில், எனக்கும் ஒரு தூணுக்கும் நடுவில், தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். கீழே விளக்கு வெளிச்சத்தில் நடுவே ஒரு மேசை. இரண்டு பக்கமும் பரந்த மரத்தரை. அவர் மேசையைப் பார்க்கவில்லை. அந்த வெறும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் சாம்பியனை அறிமுகப்படுத்தினார்கள். "தொழிலால் மின்தொழிலாளி" என்றார் அறிவிப்பாளர். என் பக்கத்தில் மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை.

ஆட்டங்கள் முடிந்த பிறகு, பார்வையாளரில் யாராவது சாம்பியனோடு விளையாட விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் ஃபோர்மன் கேள்வி முடியுமுன் படிகளில் இறங்கிவிட்டார். சாம்பியன் நல்ல மனிதர். அவருக்குச் சில புள்ளிகளைக் கொடுத்து, கூட்டத்தைக் கைதட்ட வைத்தார். புள்ளி எடுத்த சந்தோஷத்தில் ஃபோர்மன் அறிவிப்பாளரின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்து, "நான் தினமும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு ரஷ்யனை வெல்கிறேன். அதோ இருக்கிறார். எழும்பு கொம்ரேட்" என்றார். மண்டபம் முழுக்கத் திரும்பியது. சாம்பியனும் நிமிர்ந்து பார்த்தார். தூணுக்குப் பின்னால் ஒதுங்க இடமில்லை. தோழர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். வருடக்கணக்காக ஒரே மேசையின் இரு பக்கமும் நின்ற இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அணியோடு வந்திருந்த சாம்பல் நிறச் சட்டைக்காரர் ஒருவர் முன்வரிசையில் எழுந்து நின்றார். வெளியேறிப் போனவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் சாம்பியனுக்கும் நல்லதில்லை. சாம்பியன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். "நம் நாட்டவருக்கு என்ன தொழில் என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். தோழர் மேலேயிருந்து ரஷ்ய மொழியில் ஒரு சொல் சொன்னார். எங்களுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சாம்பியனின் உதட்டு ஓரம் மட்டும் அசைந்தது. அவர் மேசையிலிருந்து இன்னொரு மட்டையை எடுத்து, பிடியை முன்னால் வைத்து, நீட்டினார்.

தோழர் இறங்கிப் போனார். முதல் சில பந்துகளை எங்கள் சாப்பாட்டறையில் ஆடியதுபோலவே ஆடினார். வலையில் ஒன்று, விளிம்புக்கு வெளியே ஒன்று. "அப்படியில்லை கொம்ரேட், என்னோடு ஆடுவதுபோல ஆடு" என்று ஃபோர்மன் பக்கத்திலிருந்து கத்தினார், கூட்டம் சிரித்தது. அடுத்த பந்தைச் சாம்பியன் கொஞ்சம் பலமாக அடித்தார். தோழர் ஒரு அடி பின்னால் வைத்தார். முதுகு எதிலும் இடிக்கவில்லை. அதை அவருடைய உடம்பு உணர்ந்துகொண்டதை நான் மேலேயிருந்து பார்த்தேன். இன்னொரு அடி வைத்தார். இன்னொன்று. பந்து அவரைத் துரத்திக்கொண்டு போக, அவர் பின்வாங்கிக்கொண்டே போனார். வெளிச்சத்தின் விளிம்புவரை, தடுப்புப் பலகைகள்வரை. அங்கேயிருந்து, கை முழங்காலுக்குக் கீழே இறங்கி, பந்தின் அடிவயிற்றை அறுத்து, அதை வலைக்கு மேலே தாழ்வாக, மிதக்கிற பூப்போலத் திருப்பி அனுப்பினார். சாம்பியன் அடித்தார். வந்தது. இன்னும் பலமாக அடித்தார். வந்தது. இடது மூலை, வலது மூலை, உடம்புக்கு நேரே, எல்லாம் வந்தது. சிரிப்பு நின்றது. மண்டபத்தில் பந்தின் சத்தமும் அவருடைய சப்பாத்து மரத்தில் உரசும் சத்தமும் மட்டும். சாம்பியன் முகத்தில் முதலில் மகிழ்ச்சியும் பிறகு வேலையும் பிறகு களைப்பும் வந்தன. கடைசியில் அவர் அடித்த பந்து சற்றே உயர்ந்து வர, தோழர் அந்தத் தூரத்திலிருந்து ஓடிவந்து ஒரே ஒரு தடவை அடித்தார். யாருடைய அடியுமல்ல அது. ஜப்பானியருடையதோ ஹங்கேரியருடையதோ அல்ல. பந்து மேசையைத் தொட்டு ஃபோர்மனின் காலடியில் போய் உருண்டது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கைதட்டவில்லை. ஃபோர்மன் குனிந்து அந்தப் பந்தைப் பொறுக்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் திரும்பி வரும்போது சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் ஃபோர்மன் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அவர் நேரே தோழரின் இயந்திரத்தடிக்கு வந்தார். "இவ்வளவு நாளும்," என்றார், "ஒன்றாவது நான் வென்றேனா?" தோழர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதில் பயிற்சி பெற்ற மனிதர்தான். "இல்லை" என்றார். ஃபோர்மனின் கழுத்து நிறம் மாறியது. அந்த ஒரு சொல் அவருக்கு எவ்வளவு வலித்தது என்பதை நான் பார்த்தேன். பிறகு அவருடைய கண் தட்டில் அடுக்கியிருந்த புஷ்களின் மேல் போயிற்று. அங்கிருந்து மெல்ல என்மேல் வந்தது. முட்டாளல்ல அவர். "சிலோன், நீ அங்கே நில். கையைக் கட்டிக்கொள்." தோழரைப் பார்த்து, "ஒன்று செய்" என்றார்.

தோழர் செய்தார். பார்த்துப் பார்த்துப் பழகியதை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி செய்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உளி அதிர்ந்து கத்தியது. எனக்குப் பல் கூசியது. முடிந்ததும் ஃபோர்மன் அதை வாங்கி அளந்து பார்த்தார். பிறகு கழிவுத் தொட்டிக்குள் போட்டார். அது பித்தளையில் மோதி ஒரு தடவை ஒலித்தது. நான் தோழரின் மாமனாரை நினைத்தேன், பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்தேன். ஃபோர்மன் கத்தவில்லை. "உன் மாமனாரிடம் சொல்லமாட்டேன். அரசாங்கத்திடமும் சொல்லமாட்டேன்" என்றார். "நீ டேர்னர் என்று சொல்லித்தான் இந்த நாட்டுக்குள் வந்தாய். கிறிஸ்மஸுக்குள் டேர்னராகிவிடு." அன்று மத்தியானம் சாப்பாட்டறை மேசையை மடித்துச் சுவரோடு சாய்த்துவிட்டார்கள். அதைப் பிறகு யாரும் விரித்ததில்லை. அந்த ஃபோர்மன் மட்டையைக் கையில் எடுத்ததையும் நான் பார்க்கவில்லை.

இரக்கமா தண்டனையா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். தோழர் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தார். பின்னேரம் எல்லோருக்கும் பிறகு போனார். மண்டபத்தில் அவரைக் கண்ட ஒரு சங்கத்துக்காரர் தொழிற்சாலை வாசல்வரை தேடி வந்து, எங்களுக்கு ஆடுவீர்களா என்று கேட்டார். "கிறிஸ்மஸுக்குப் பிறகு" என்றார் தோழர். கிறிஸ்மஸும் வந்தது. அதற்குள் அவர் ஆகிவிட்டார். ஃபோர்மன் அளந்து பார்த்து, தட்டில் திருப்பி வைத்தார். அந்த விடுமுறையில் தோழர் ஒருநாள் எங்கள் பிளாட்டுக்கு வந்து, தன்னுடைய பழைய மட்டையை என் மேசையில் வைத்து, அதன் பிடியைத் தொட்டுக் காட்டினார். விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன. ஆட்காட்டி விரலில் சீவல் சுட்ட வடு. "பந்து இங்கேதான் பேசும்" என்று நுனியைத் தொட்டார். "இப்போது எனக்குக் கேட்கவில்லை." சங்கத்துக்காரரைத் தேடி அவர் போகவில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு என்னுடையதைப் பார்த்தாள்.

நான் பிறகு ஹோம்புஷ்ஷுக்குப் போனேன், அதற்குப் பிறகு வேறெங்கோ. பல வருடம் கழித்து லிட்கம் நிலைய மேடையில் அவரைக் கண்டேன். மகளோடு நின்றார். தோள்கள் அகன்று, சற்றுக் கூனி, எங்கள் எல்லோரையும்போல ஆகியிருந்தார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் பேச்சுக்கு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார். "டேர்னர்" என்றார் தோழர். நான் அவருடைய முகத்தைக் கவனித்தேன். சிரிக்கவில்லை. சிரிக்கத் தேவையில்லாத உண்மையாகிவிட்டிருந்தது அது. ரயில் வந்தது. ஏறியவர் கதவோரம் நின்றார், உட்காரவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். வளையத்தை அந்தத் திங்கட்கிழமையே, சீவல் கூட்டும் சாட்டில், கழிவுத் தொட்டிக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டேன். ஃபோர்மன் கண்டார். கண்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இன்று காலை என் மகள் கோப்பியோடு அறைக்குள் வந்து, நான் உருட்டியதைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து அதன் துளைக்குள்ளால் என்னைப் பார்த்தாள். கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், அளவுகூடச் சரியில்லையே, வேறு நல்லதாக ஒன்று செய்யக்கூடாதா, நீங்கள் ஒரு டேர்னர்தானே என்றாள்.

"நல்லதுகள் எத்தினையோ செய்தனாங்கள் பிள்ளை. அதுகள் எல்லாம் தேஞ்சு போச்சுது" என்றேன். "இதைச் செய்த ஆள் டேர்னர் இல்லை. அதுக்கு மிச்சமாய்க் கிடக்கிற சாட்சி இது மட்டுந்தான்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு வளையத்தை மேசையில் உருட்டிவிட்டாள். அது நொண்டிக்கொண்டு போய், அரைவட்டம் போட்டு, திரும்பி வந்தது.